ஐந்தாம் அறையின் விரிப்பு

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகப் பிறந்திருக்க வேண்டியது. நான்கே வரி. அதற்கு மேல் வேண்டாம் என்று பூமிநாதன் கறாராகச் சொல்லியிருந்தார். "வாத்தியாரே, நாலு வரி. படிச்சவன் அடுத்த ரயிலப் பிடிச்சு வந்துரணும்." அந்த நான்கு வரியை எழுதப் போன இடத்தில்தான் எனக்கு இது கிடைத்தது. அவருடையதை அவரிடம் கொடுத்துவிட்டேன். மீதியை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகத் திண்டாடுகிறேன்.

பூமிநாதன் உப்பூர்ப் பக்கத்தில் நிலபுலன் உள்ளவர். கண்மாய்த் தண்ணீரில் வளர்ந்த மனிதர். கடலென்றால் உள்ளூரப் பயம். அப்படிப்பட்டவருக்கு 1959-ல் இராமேசுவரம் தீவின் வடகரையில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு விடுதி கட்ட ஆசை வந்தது. இடம், தங்கச்சிமடத்துக்கும் [இங்கே ஓர் ஊர்ப்பெயர் எழுதி அடித்திருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.] நடுவில் எங்கோ. முதல் நாள் அந்த மணலில் நின்று, கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு மடை எங்கன இருக்கு?" என்று கேட்டாராம். எனக்கு இதைச் சொன்னவன் கில்பர்ட் என்ற மீனவன். கில்பர்ட் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். இது நம்பக்கூடிய பாதி என்று நினைக்கிறேன்.

விடுதியில் மொத்தம் ஆறு அறைகள். அதற்கு அழகான பெயர் ஒன்றும் வைத்தார். கரையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது 'ஆறு ரூம்'.

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "நீலக் கடலின் மடியில்..." எழுதிய அன்றே கிழித்துவிட்டேன். வடகடல் நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் இளநீர் நிறம். மதியத்தில் தேய்த்து வைத்த ஈயப் பாத்திரம்.

(ஆ) "சின்னக்கருப்பன் கொழும்பிலிருந்து திரும்பும்போது நான்கு பென்சில்களும் ஒரு மூங்கில் குழாயில் சுருட்டிய படங்களும் மட்டுமே கொண்டுவந்தார்."

இது மோசமில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் சின்னக்கருப்பனைக் கதாநாயகன் என்று நினைத்துவிடுவீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கொழும்பில் ஒரு என்ஜினியரிடம் பதினோரு வருடம் கட்டடப் படம் வரைந்தவர். ஆறு ரூமில் ஒவ்வோர் அங்குலமும் அவர் யோசித்தது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறை தெரியாதபடி ஒவ்வொன்றையும் சற்றுச் சற்றுத் திருப்பி வைத்திருந்தார். ஜன்னல்களைத் தாழ்வாக அமைத்திருந்தார். நின்றால் வாசல் மணல்தான் தெரியும், உட்கார்ந்தால்தான் கடல். "கடலை நின்னுக்கிட்டுப் பாக்குறவன் வேலைக்குப் போறவன் சார். உக்காந்து பாக்குறவன்தான் விருந்தாளி" என்பார். ஒவ்வோர் அறையிலும் ஒரு மாடம் உண்டு. அதில் யாரும் எந்தச் சாமியையும் வைத்துக் கும்பிடலாம். இதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு விஷயத்தில்தான் மனிதர் கண்டிப்பு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. 'ஆணி அடிக்காதீர்' என்று அட்டையில் எழுதியும் வைத்திருந்தார். மாட்ட ஆணி இல்லாததால் அந்த அட்டை வாசலில் சாய்ந்து கிடந்தது.

மேற்குக் கோடியில் ஒரு நீளச் சுவர் உண்டு. சமையற்கட்டையும் கிணற்றையும் கடற்பக்கத்திலிருந்து மறைக்க ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பியது. அது எட்டு மாதம் சுண்ணாம்பு வெள்ளையாக நின்றது. ஆனால் அந்த வெள்ளை வெறும் அடிப்பூச்சுதான். கட்டடம் கடலில் இருப்பவன் கண்ணில் படக் கூடாது என்பது சின்னக்கருப்பனின் கொள்கை. "நண்டு மாதிரி சார். இருக்கும், ஆனா தெரியாது." விடுதி திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில் சுவருக்கு மணல் நிறம் பூசினார். சுவர் காணாமல் போனது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

(இ) "இன்னாசிக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது."

மூன்றில் இதுதான் உண்மையான தொடக்கம். ஆனால் ஒருவருடைய ரகசியத்தை முதல் வரியிலேயே போட்டு உடைப்பது நியாயமா என்று இதையும் அடித்தேன். பாருங்கள், அடித்ததாகச் சொல்லியே உடைத்துவிட்டேன். எழுதுகிறவனிடம் ரகசியம் சொன்னால் இதுதான் கதி. ஆகவே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்னாசி அவருடைய பெயர் அல்ல.

3

இன்னாசி வத்தைக்காரர். வத்தை என்பது அந்தக் கரையில் ஓடும் பாய்மரப் படகு. இவருடைய வத்தையில் ஐந்து பேர் போவார்கள். முப்பது வருடமாகச் சுக்கான் இவர் கையில்தான் இருக்கிறது. இவருடைய மருமகன்தான் கில்பர்ட்.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை வரிசை ஓடுகிறது. 'பார்' என்பார்கள். அதில் ஒரு வத்தை நுழையும் அகலத்துக்கு ஒரே ஒரு வழி. வழி தப்பினால் அடிப்பலகை கிழிந்துவிடும். கோயில் கோபுரத்துச் சிலுவையும் ஓர் ஒற்றைப் பனையும் நேர்கோட்டில் வரும்போது உள்ளே திருப்ப வேண்டும். எல்லோரும் அப்படித்தான் நுழைவார்கள். இன்னாசிக்குச் சிலுவை தெரியாமல் போயிற்று. பிறகு பனையும். பெரியதாக இருந்தால் மட்டும் தெரியும். பனந்தோப்பு ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும்.

அதே சமயத்தில்தான் ஆறு ரூமின் வெள்ளைச் சுவர் எழுந்தது. தோப்பின் கறுப்பிலிருந்து சுவரின் வெள்ளை விலகித் தெரிகிற இடத்தில் சுக்கானைத் திருப்பினால், நேராக வழி. சின்னக்கருப்பன் தமக்கே தெரியாமல் செய்த உபகாரம் அது. எட்டு மாதம் இன்னாசி பழைய இன்னாசியாக வந்து போனார். விஷயம் அவர் மனைவி லீமாரோஸுக்கு மட்டும் தெரியும்.

சுவர் மணல் நிறமான மறுநாள் வத்தையின் அடி பாரில் உரசியது. நீரோட்டம் இழுத்துவிட்டது என்றார் இன்னாசி.

லீமாரோஸ் அன்று மாதா சுரூபத்தின் முன் முழங்காலிட்டுக் கண்ணீர்

[அடித்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுவோம்.]

லீமாரோஸுக்கு ஆறு ரூமில்தான் வேலை. அறை பெருக்குவது, படுக்கை விரிப்பது. ஆறு கட்டில்களுக்கும் ஆறு வெள்ளை விரிப்புகள், நல்ல அகலமானவை. மதியம், பூமிநாதனும் சின்னக்கருப்பனும் சாப்பிட்டுவிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் கண்ணயரும் நேரம். வத்தையின் பாய் கடலில் தெரிய ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். லீமாரோஸ் விரிப்புகளை எடுத்துப்போய்ச் சுவரின் கடற்பக்கத்தில் தொங்கவிடுவாள். ஆணி இல்லையே! மேலே கல் வைத்து, கீழ்முனைகளில் கூழாங்கல் முடிந்துவிடுவாள். வத்தை உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் எடுத்து உதறி, பழையபடி கட்டிலில் விரித்துவிடுவாள்.

இப்படி ஒரு வாரம் போயிற்று. அப்புறம் இரண்டாம் அறையில் தங்கியிருந்த மதுரை ஜவுளி வியாபாரி ஒருவர், தம் படுக்கை விரிப்பைக் காணோம் என்று பூமிநாதனிடம் புகார் செய்தார். அவருக்குச் சதா நெஞ்செரிச்சல், வேளைக்கு வேளை சுக்குத் தண்ணீர் கேட்பார். சிடுசிடுப்பான மனிதர்...

4

இந்த இடத்தில் என் மனைவி ராமலெட்சுமி காகிதத்தைக் கீழே வைத்தாள். அவள் எதையும் அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான் படிப்பாள்.

"இந்த ஜவுளிக்காரரு யாரு?"

"இரண்டாம் அறையில் இருந்தவர்."

"அப்ப விடுதியே தொறக்கல. நோட்டீஸ் எழுதணும்னு ஒங்களத்தான் மூணு நாளு தங்கிப் பாக்கக் கூப்பிட்டாக. இவரு எங்கேருந்து வந்தாரு?"

"கதைக்காக வந்தார்."

"நெஞ்செரிச்சல்னு சுக்குத் தண்ணி வேற கேக்குறாரு."

எங்கள் வீட்டில் சுக்குத் தண்ணீர் குடிக்கிறவன் ஒரே ஒருவன்தான்.

"பாவம், அவர ரயிலேத்தி மதுரைக்கு அனுப்பிச்சுருங்க," என்றாள். "அந்த எடத்துல யாரு இருந்தாகளோ அவுகள உக்கார வைங்க."

அனுப்பிவிட்டேன். ஜவுளி வியாபாரி என்று எவரும் இல்லை. ஐந்தாம் அறையில் நான் இருந்தேன். மற்ற ஐந்து விரிப்புகள் சுவருக்குப் போதாமல், ஆறாவதாக அவள் எடுத்தது என்னுடையதை. இரண்டாம் நாள் மதியம் கடலில் குளித்துவிட்டு வந்தேன். கட்டிலில் வெறும் மெத்தை கிடந்தது. விரிப்பு திரும்பி வந்தபோது அதில் உப்பு வாசம் அடித்தது, முனைகள் முறுக்கேறியிருந்தன. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது, "உங்கள் விடுதியில் விரிப்புக்குக் கால் முளைத்திருக்கிறதே" என்று பூமிநாதனிடம் சொன்னேன். கோபம்கூட இல்லை. சும்மா சொன்னேன். யோசித்துப் பார்த்தால், நான் இந்த உலகத்தில் செய்த கெடுதல்களில் முக்கால்வாசி சும்மா சொன்னவைதான்.

பூமிநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏ லீமாரோசு! வந்தவுக படுக்கையிலயே கை வைக்கிறியா?"

"காயப் போட்டேன் மொதலாளி. எடுக்க மறந்துட்டேன்."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதாமல் தப்பித்திருப்பேன்.

காலையில் எழுந்ததும் ஆறு விரிப்புகளையும் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், படுக்கப் போகும்போதுதான் எடுக்க வேண்டும் என்று பூமிநாதன் உத்தரவு போட்டார். சாவியைத் தம் அரைஞாணில் முடிந்துகொண்டார்.

5

மூன்றாம் நாள். பூமிநாதன் விளக்கு வாங்கக் காலை வண்டியில் இராமநாதபுரம் போய்விட்டார். சாவியும் போய்விட்டது.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நான்கு வரிகளோடு போராடிக்கொண்டிருந்தேன். 'வாருங்கள்' என்பது வரை வந்திருந்தது. வெளியே தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மணலை வாரிக் கடல்மேல் இறைத்துக்கொண்டிருந்தது. கரையே கலங்கலாக இருந்தது. லீமாரோஸ் மணலில் நின்று, நெற்றியில் கைவைத்துக் கடலைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். எனக்கு என்னவோ போல் இருந்தது, எழுந்து போனேன்.

"என்ன லீமாரோஸ்?"

"ஒண்ணுமில்லைங்கய்யா."

"அந்த விரிப்பு விஷயமா?"

கடலை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மடமடவென்று கொட்டினாள். சிலுவை, பனை, தோப்பு, சுவர், விரிப்பு. "அவருக்குக் கண்ணு தெரியலங்கய்யா. என்னத் தவிர ஒரு சீவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா சுக்கான மத்தவன் கையில குடுத்துட்டு வீட்டுல உக்காந்துருவாரு. அவருக்கு உக்காரத் தெரியாதுங்கய்யா."

தூரத்தில் பாய் தெரிந்தது.

[கதாசிரியனுக்கு வசதியான இடம் இது. பூமிநாதன் ரயிலைத் தவறவிட்டுத் திரும்பி வரலாம். பெட்டியின் பூட்டு துருப்பிடித்து உடையலாம். எல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.]

வெள்ளையாக ஏதாவது வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். மணல், ஓலை, மணல் நிறச் சுவர். அப்புறம்தான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். எட்டு முழ வேட்டி, ராமலெட்சுமி நீலம் போட்டு வெளுத்தது. மாற்று வேட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். மூன்று நாளைக்கு எதற்கு இரண்டு வேட்டி என்று நான் புத்திசாலித்தனமாகப் பதில் சொல்லியிருந்தேன்.

தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"மாதாவே! என்னங்கய்யா இது!" என்று லீமாரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

கிணற்று மேடையில் கால்வைத்துச் சுவர்மேல் ஏறினேன். ராமநாதசுவாமியை நினைத்துக்கொண்டு வேட்டியைக் கடற்பக்கமாக விட்டேன். காற்று அதை அப்படியே தூக்கிக் கொடி போல் சுருட்டியது. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. சுருண்ட வேட்டி எவன் கண்ணிலும் படாது. இன்னாசி கண்ணில் எப்படிப் படும்?

சத்தம் கேட்டுச் சின்னக்கருப்பன் தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தார்.

"சார்! என் சுவரு மேல ஏறி என்ன சார் பண்றீங்க?"

"அந்த முனையைப் பிடிங்க."

"எந்த முனைய?"

"வேட்டி முனையை. ஏறி வாங்க, சீக்கிரம்."

"எதுக்கு சார்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கீழே லீமாரோஸ் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பதில் என்னுடையதல்ல.

"காரணம் கேக்காதீங்க. பிடிங்க."

ஒரு மாடத்தின் ஆழத்துக்கே மூன்று காரணம் சொல்கிற மனிதர் அவர். என் துண்டைப் பார்த்தார். லீமாரோஸின் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி வந்து மறுமுனையைப் பிடித்தார். வேட்டி விரிந்து சுவரோடு படிந்தது.

கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஒங்க பக்கம் ஒரு விரக்கடை எறக்குங்க சார். கோணலா இருக்கு."

6

இங்கே நிறுத்துகிறேன். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடித்த முடிவு ஒன்று என்னிடம் இருக்கிறது: வத்தை பாரில் மோதுகிறது, லீமாரோஸ் கடலை நோக்கி ஓடுகிறாள், வேட்டி கடலில் மிதக்கிறது. எழுதினால் அழுவீர்கள். அதற்காக ஐந்து பேரை மூழ்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மூழ்கவும் இல்லை.

இன்னொரு முடிவில் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி எங்களைப் பாராட்டுகிறார். அவரையும் ஜவுளி வியாபாரியோடு அனுப்பிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். தோப்புக்கு நேரே வந்த பாய் கொஞ்சம் தயங்கியது. இன்னும் கொஞ்சம் போனது. பிறகு ஒரே வெட்டாகத் திரும்பி, வழிக்குள் நுழைந்து, தண்ணீர் சலசலக்கக் கரைக்கு வந்துவிட்டது. ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இன்னாசி இறங்கி, ஈர மணலில் நேராக நடந்து வந்து, சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்தார்.

"யாரு, சுவத்து மேல? வாத்தியாரா? வேட்டி காயப் போட ஒங்களுக்கு வேற எடம் ஆப்புடலையாக்கும்?"

வத்தைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துண்டு கட்டியவன் வேறென்ன செய்வான்? அவர் லீமாரோஸிடம் ஒரு சீலா மீனைக் கொடுத்து, "வாத்தியாருக்குக் கொழம்பு வையி" என்றார். நான் மீன் சாப்பிடுவதில்லை என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

மற்றவர்கள் போன பிறகு கில்பர்ட் வலையை உதறுகிற சாக்கில் நின்றான்.

"நல்லவேளை சார். இன்னுங் கொஞ்சம் பிந்தியிருந்தீங்கன்னா சுக்கான நான் புடிச்சிருப்பேன்."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கா? வத்தையில நாலு பேத்துக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும்னு மாமாவுக்குத்தான் தெரியாது. அத்தைக்கும் தெரியாது."

"ஆபத்து இல்லையா கில்பர்ட்?"

"அன்னைக்கு ஒருநா உரசுனதுலேருந்து அவரு முதுகுக்குப் பின்னாடி கைய வச்சுக்கிட்டேதான் வாரேன். வாங்கிறது ஒரு நிமிச வேலை சார். ஆனா ஒருக்கா வாங்கிட்டா மனுசன் திரும்பத் தொடமாட்டாரு." வலையைத் தோளில் போட்டான். "சிலுவைய நாங்க பாத்துக்கிறோம். அவரு சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

இதில் கில்பர்ட் சொன்னது முழுவதையும் நம்பினேன்.

7

பூமிநாதன் சாயங்காலம் விளக்குகளோடு வந்து சேர்ந்தார். பிரசுரத்துக்கான நான்கு வரிகளைக் கொடுத்தேன்.

அறைகள் ஆறு.
ஜன்னல்கள் தாழ்வு, உட்கார்ந்தால் கடல்.
எந்தச் சாமியையும் கும்பிட மாடம் உண்டு.
படுக்கை விரிப்புகள் தினமும் மதியம் கடல்முகச் சுவரில் காற்றாட விடப்படும்.

நான்காவது வரியை இரண்டு தரம் படித்தார். "இது எதுக்கு வாத்தியாரே?"

"உப்புக்காற்று குடித்த விரிப்பில் படுத்துப் பாருங்கள். அப்படி ஒரு தூக்கம்."

இது பொய்யில்லை. முந்தின ராத்திரி அப்படித்தான் தூங்கியிருந்தேன்.

கண்மாய்க்காரர் கடலைச் சந்தேகத்தோடு ஒருமுறை பார்த்தார். "பட்டணத்துக்காரன் இதக் கேட்டே வந்தாலும் வருவான்," என்று சொல்லிக்கொண்டு, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். "ஏ லீமாரோசு, இந்தா. இனிமே நீயே வச்சுக்க. நேத்துச் சொன்னத மனசுல வச்சுக்காத."

இத்தனை வருடம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நான் எழுதிய ஒரு வரியால் ஒரு பூட்டு திறந்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது எங்கோ தட்டும் சத்தம் கேட்டது. சுவரின் கடற்பக்கம் போய்ப் பார்த்தேன். சின்னக்கருப்பன் நூல் பிடித்து, அளந்து, தம் மணல் நிறச் சுவரில் வரிசையாக ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆணிகள். விரிப்புக்கு இரண்டு.

"ஆணி அடிக்கிறீர்களே?"

வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "காரணம் கேக்காதீங்க சார்."

அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

8

"அப்ப முடிவு?" என்கிறாள் ராமலெட்சுமி.

ஒருநாள் ஆறு விரிப்புகளும் இன்னாசி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அன்றைக்குச் சுக்கான் எப்படிக் கைமாறும்? எல்லோருக்கும் தெரியும் என்று அதற்கு முன்பே யாராவது அவரிடம் சொல்லிவிடுவது நல்லதா? ஒருவேளை அவருக்கும் அது தெரிந்து, இவர்களுக்காகத் தெரியாதவர் போல இருக்கிறாரா? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் யாரோ ஒருவரை நான் சும்மா காட்டிக்கொடுக்கிறேன். ஆகையால் எழுதவில்லை. உங்களுக்கு எது நியாயம் என்று படுகிறதோ அப்படி முடித்துக்கொள்ளுங்கள். இன்னாசிக்கு மட்டும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எப்போதாவது அந்தக் கரைக்குப் போய்த் தங்கினால், குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது உங்கள் கட்டிலில் வெறும் மெத்தை கிடக்கலாம். யாரையும் கூப்பிட வேண்டாம். ஜன்னலோரம் உட்காருங்கள், நின்றால் மணல்தான் தெரியும். தோப்புப் பக்கம் ஒரு பாய் வரும், கொஞ்சம் தயங்கும். அது உள்ளே நுழைகிற வரை பார்த்துக்கொண்டிருங்கள்.

போகும்போது வேட்டி இரண்டாக எடுத்துப் போங்கள்.